கேட்டதை விட்டு மற்றதெல்லாம்

பாகூர்
12-6-1974

அன்புத் தம்பி கலீலுல்லாவுக்கு அக்கா மெஹர் நிஷாவின் ஸலாம். இங்கே மச்சானும் நூருல்லாவும் நானும் அல்லாஹ் கிருபையால் சுகம். நீயும் வீட்டில் அவளும் பிள்ளைகளும் சுகமா? நீ கொடுத்தனுப்பிய மூட்டுவலித் தைலம் தீர்ந்துவிட்டது. மச்சான் வெறும் பாட்டிலை முகர்ந்து பார்த்துக்கொண்டே கடையில் உட்கார்ந்திருக்கிறார்.

நூருல்லாவுக்குப் பெண் பார்க்கிறோம். உங்கள் திருக்கனூர் ஜவுளிக்கடை ஷரீப் பாயின் மூத்த மகள் ஆரிபா. வில்லியனூர் கல்யாணத்தில் நான் பார்த்தேன். உன் மருமகனும் பார்த்துவிட்டான். அன்றிலிருந்து பருப்பு கேட்டு வருகிறவர்களுக்குச் சர்க்கரை நிறுத்துக் கொடுக்கிறான். "வூட்ல கல்யாணம் முடியறதுக்குள்ள கடையை மூடிடுவான் போல" என்று மச்சான் கத்துகிறார்.

அந்த வீட்டுக்கே நீதான் டாக்டர். பெண் எப்படி? உடம்பு கிடம்பு எல்லாம் சரிதானே? போன வருஷம் நாத்தனார் மகனுக்கு உன் பக்கத்துப் பெண்ணைக் கேட்டபோது, "தங்கமான பெண், நோய்நொடி கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு முடியுங்கள்" என்று எழுதினாய். மச்சானின் கூட்டாளி மகனுக்குப் பார்த்த பெண்ணுக்கும் அப்படியே எழுதினாய். இந்தக் குடும்பத்தில் உன் ஒரு வரிக்கு அப்புறம்தான் காஜியாரே. எங்களுக்கும் அந்த ஒரு வரியை எழுதிவிடு. தரகர் பதிலுக்குக் காத்திருக்கிறார்.

வஸ்ஸலாம்.
அக்கா

* * *

திருக்கனூர்
24-6-1974

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் சுகம். சின்னவனுக்கு மட்டும் லேசாக இருமல். டாக்டர் வீட்டுப் பிள்ளை என்று அதற்குத் தெரியுமா என்ன?

தைலம் இரண்டு பாட்டில் பாண்டி பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். மச்சானை இரண்டு வேளை தேய்க்கச் சொல். கடையில் தரையில் உட்காராமல் ஸ்டூல் போட்டுக்கொள்ளச் சொல்.

இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை. கிளினிக் கட்டடத்துக்காரர் சுப்பராயலு தினமும் வந்து கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, கரும்பு காய்கிறது என்று என்னிடம் புலம்புகிறார். அதற்கும் ஊசி போடுவேன் என்று நினைக்கிறார் போலிருக்கிறது. கொம்யூன் பஞ்சாயத்து ரோட்டில் ஜல்லி கொட்டி ஒரு மாதம் ஆகிறது. ஜல்லி மட்டும்தான் இருக்கிறது, ரோட்டைக் காணோம். இந்த வருஷம் மாம்பழம் மலிவு. ஒரு கூடை அனுப்பலாம் என்று பார்த்தேன், பஸ்ஸிலேயே கூழாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

நூருல்லாவுக்கு இப்போது என்ன வயது? அவசரம் ஒன்றும் இல்லையே. மழைக்காலம் முடிந்ததும் எல்லோரும் இங்கே வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போங்கள்.

மச்சானுக்கு ஸலாம் சொல்லவும்.
உன் தம்பி
கலீலுல்லா

* * *

பாகூர்
2-7-1974

அன்புத் தம்பிக்கு ஸலாம். சுகம். தைலம் வந்தது.

உன் கடிதத்தை மச்சானுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். புரிந்துகொண்டோம். அல்லாஹ் காப்பாற்றினான். நீ மட்டும் இல்லையென்றால் எங்கேயோ போய் விழுந்திருப்போம். பையன் இப்போது கல்யாணம் வேண்டாம் என்கிறான் என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டோம். நூருல்லா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. போகப் போகச் சரியாகிவிடுவான்.

சின்னவனுக்கு இருமல் நின்றதா?

அக்கா

* * *

திருக்கனூர்
6-7-1974

அக்கா,

ஸலாம். எல்லோரும் சுகம்.

என்ன புரிந்துகொண்டாய்? நான் எதுவும் எழுதவில்லையே. ஆரிபாவைப் பற்றி என் கடிதத்தில் ஒரு சொல் உண்டா? எடுத்துப் பார். தரகரிடம் என்ன சொன்னீர்கள்? வேறு யாரிடமாவது ஏதாவது சொன்னாயா? சொல்லியிருந்தால் உடனே எழுது. சொல்லாவிட்டால், தயவுசெய்து சொல்லாதே. கிளினிக்குக்கு வருகிறவர்களைப் பற்றி நான் யாரிடமும் பேசுவதில்லை. அது என் தொழிலின் சத்தியம்.

கலீலுல்லா

* * *

பாகூர்
28-7-1974

தம்பிக்கு ஸலாம். நாங்கள் சுகம். நீ கோபமாக எழுதியதால் பதில் எழுத நாளாகிவிட்டது.

நீ எதுவும் சொல்லவில்லையா? சரி. தைலத்தைப் பற்றி எழுதினாய். ஜல்லியைப் பற்றி எழுதினாய். அனுப்பாத மாம்பழத்தைப் பற்றிக்கூட எழுதினாய். நான் எதைக் கேட்டேனோ அதை மட்டும் விட்டாய். மற்றப் பெண்களுக்கெல்லாம் வரி வரியாக நற்சாட்சி எழுதின கை, இந்தப் பெண்ணுக்கு மட்டும் ஏன் நின்றுவிட்டது? இதற்கு மேல் தண்டோரா வேறு போட வேண்டுமா? நான் உன்னைத் தூக்கி வளர்த்தவள். நீ பேசாமல் இருப்பது எதற்கு என்று எனக்குத் தெரியாதா?

வில்லியனூரிலிருந்து நாத்தனார் வந்திருந்தாள். "ஏன் நல்ல எடத்தை வுட்டீங்க, இன்னா காரணம்?" என்று குடைந்துவிட்டாள். "என் தம்பி அந்த வீட்டு டாக்டரு. அவனே வாயைத் தொறக்கல. அதான் வுட்டோம்" என்று மட்டும் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. எனக்கு வேறு எதுவும் தெரியவும் தெரியாது. அவள்தான் டிபியாக இருக்கும் என்றாள், அப்புறம் பெருவியாதியாக இருக்கும் என்றாள். அப்படி ஏதாவதா? நூருல்லா அன்று கல்யாண வீட்டில் அந்தப் பெண் கொடுத்த தண்ணீரைக் குடித்தானாம். பயமாக இருக்கிறது. எனக்காவது சொல்.

அக்கா

* * *

திருக்கனூர்
10-10-1974

மதிப்பிற்குரிய டாக்டர் மாமா அவர்களுக்கு ஜவுளிக்கடை ஷரீப் மகள் ஆரிபா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் மாமியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

நோன்பு நாளில் ஒருவர் மனம் நோக எழுதக் கூடாது. ஆனாலும் நேரில் வந்து சொல்ல எனக்கு வழியில்லை. நான் இனிமேல் கிளினிக்குக்கு வரமாட்டேன். நீங்களும் வீட்டுக்கு வர வேண்டாம். நீங்கள் எங்கள் வாசற்படி ஏறினால் தெருவே வெளியே வந்து நிற்கிறது.

வருஷா வருஷம் நோன்புக் கஞ்சி காய்ச்சி அக்கம்பக்கத்துக்கு நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். இந்த வருஷம் போன கிண்ணங்கள் மூடி திறக்காமலே திரும்பி வந்தன. அம்மா அதை எல்லாம் கொட்டிவிட்டு, "ரொம்ப உப்பு போட்டுட்டேன் போல இருக்குடி" என்று சொன்னாள். அத்தா கடையில் பெருநாள் துணிக்குக் கூட்டம் இல்லை.

என் கையில் இருந்த தேமலை நீங்கள்தான் ஊசியால் தொட்டுப் பார்த்தீர்கள். தொட்டது எனக்குத் தெரியவில்லை. இது குஷ்டம்தான் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நான் அழுதபோது, "இன்னாத்துக்கு அழுவுறே? ஆரம்பத்துலயே வந்துட்டே. ஒன்னோடது யாருக்கும் ஒட்டாது. மாத்திரை போட்டா கொணமாயிடும். எல்லாரையும் போல நீயும் கல்யாணம் கட்டிக்கலாம், புள்ள பெத்துக்கலாம். நம்ம மூணு பேர தவிர நாலாவது ஆளுக்குத் தெரியாது" என்றீர்கள். அம்மா உங்கள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் நம்பினேன். தலைவலி என்று சொல்லிக்கொண்டு மாதா மாதம் வந்தேன்.

உங்கள் அக்கா கேட்டபோது நீங்கள் பதில் எழுதவில்லை என்று ஊரே சொல்கிறது. மாமா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். யாருக்கும் ஒட்டாது, கல்யாணம் கட்டிக்கலாம் என்று என்னிடம் சொன்னது உண்மை என்றால், உங்கள் அக்காவுக்கு "நல்ல பெண்" என்று ஏன் எழுதவில்லை? உண்மை இல்லை என்றால், நான் ஏன் அந்த மாத்திரையைச் சாப்பிட வேண்டும்?

இடது கைச் சின்ன விரல் இப்போது சரியாக நிமிரவில்லை. போன வாரம் சோறு வடிக்கும்போது சட்டி சுட்டது, தோல் உரிந்த பிறகுதான் தெரிந்தது. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. டாக்டரிடம் சொல்லிப் பழக்கம்.

ஆரிபா

* * *

பாண்டிச்சேரி
13-10-1974

அன்புள்ள ஆரிபாவுக்கு ஸலாம். இதை இங்கே வந்து தபாலில் போடுகிறேன். உறையின் மேல் என் பெயர் இல்லை.

உன்னிடம் சொன்னது அத்தனையும் உண்மை. பொய்யாக இருந்தது நான்தான். படித்ததை உன்னிடம் சொன்னேன். என் அக்கா மகனுக்கு என்று வந்தபோது, படித்ததெல்லாம் போய் நானும் உன் தெருக்காரர்களைப் போல மூடி திறக்காமல் கிண்ணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். "நல்ல பெண்" என்று எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. எழுதாமல் விட்டால் அக்கா புரிந்துகொள்வாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் விட்டேன். ரகசியத்தைக் காத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதை எழுதும்போது கூசுகிறது. உன் அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்ட கை இது.

என் மேல் உள்ள கோபத்தை உன் கை மேல் காட்டாதே, தாயே. மாத்திரையை நிறுத்தினால் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கும். அப்புறம் நிமிர்த்துவது கஷ்டம். பாண்டியில் ஒரு லேடி டாக்டர் இருக்கிறார். விலாசம் இதோடு வைத்திருக்கிறேன். அவரிடம் உன் பெயரை நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீயாகப் போனால்தான் அவருக்குத் தெரியும். சட்டியைத் துணி சுற்றிப் பிடி. சூட்டைக் கை சொல்லாது, கண்தான் பார்க்க வேண்டும்.

மன்னிப்பு கேட்க எனக்கு முகம் இல்லை.

கலீலுல்லா

* * *

திருக்கனூர்
22-11-1974

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம். பெருநாளுக்கும் நான் கடிதம் போடவில்லை, நீயும் போடவில்லை. இங்கே நாங்கள் சுகம் என்று எழுத வேண்டும், எழுதுகிறேன்.

ஜூலையில் நீ கேட்டதற்கு இப்போதும் பதில் சொல்ல மாட்டேன். உண்டு என்றும் சொல்ல மாட்டேன், இல்லை என்றும் சொல்ல மாட்டேன். நீ எழுதியது சரி. என் மௌனம்தான் பேசியது. ஆனால் அதற்கும் முன்னால் ஒரு தப்பு இருக்கிறது, அதை இப்போதுதான் பார்க்கிறேன். நாத்தனார் மகனுக்கு நீ கேட்டபோதே, "என்னிடம் வருகிறவர்களைப் பற்றி எதுவும் கேட்காதே" என்று எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. நீங்கள் எல்லோரும் என் ஒரு வரிக்குக் காத்திருந்தது எனக்கு ருசித்தது. நல்லதுதானே சொல்கிறோம், அதில் என்ன கெடுதல் என்று நினைத்தேன். எல்லோருக்கும் நல்லது சொல்லிக்கொண்டே வந்தவன் ஒருத்திக்குச் சொல்லாமல் விட்டால், அதுவே அவள் கழுத்தில் கட்டின கல் என்று இத்தனை படித்தவனுக்குத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம், கடைத்தெரு அசந்திருக்கும் நேரத்தில், பின்வாசல் வழியாகச் சிலர் என்னிடம் வருவார்கள். வெளியே சொல்ல முடியாத உடம்புக்கு மருந்து வாங்கிப் போவார்கள். இப்போது ஒருவரும் வருவதில்லை. அவர்கள் நோய் குணமாகிவிட்டதா? நான்தான் குணமில்லாதவன் என்று தெரிந்துவிட்டது. சுப்பராயலு நேற்று வெளிப்படையாகவே கேட்டார், "இன்னா டாக்டரே, உங்ககிட்ட நாக்கை நீட்டுனா பாகூர் வரைக்கும் தெரியுதாமே?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத் தலை நிமிரவில்லை.

ஷரீப் பாய் கடைக்குப் போனேன். எழுந்து நின்று வரவேற்றார். அதுதான் தாங்கவில்லை. "உக்காருங்க டாக்டர். துணி எதனா வேணுமா?" என்றார். இத்தனை வருஷமாக என்னைத் தம்பி என்று கூப்பிட்டவர். ஒரு துண்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உன் காதில் போட்டது நான்.

கலீலுல்லா

* * *

பாகூர்
30-12-1974

தம்பிக்கு ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். ஏரி நிரம்பிவிட்டது.

ஹஜ் பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் திருக்கனூர் வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை, கோபித்துக்கொள்ளாதே. குர்பானி இறைச்சியில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு நேராக ஷரீப் பாய் வீட்டுக்குப் போனேன். ஆரிபாவின் அம்மா ரஹ்மத் பீவி கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, உள்ளே திரும்பி, "ஆரிபா, டாக்டரு அக்கா வந்திருக்காங்க" என்றாள். வா என்று சொல்லவில்லை. நானாகப் போய்ப் பாயில் உட்கார்ந்தேன்.

"ஆரிபா கையால டீ போட்டுக் குடுத்தாதான் குடிப்பேன்" என்றேன். பெரிய காரியம் செய்வதாக எனக்குள் ஒரு நினைப்பு. அந்தப் பெண் வந்து நின்று, "இன்னாத்துக்கு மாமி? குடிச்சிட்டேன்னு ஊருக்குச் சொல்லவா?" என்று கேட்டாள். கத்தவில்லை, மெதுவாகத்தான் கேட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "நாத்தனாகிட்ட பேசின வாய் இதும்மா. இதாலதான் உன்கிட்ட மன்னிப்பு கேக்கணும். டீ வேணாம்" என்றேன். ரஹ்மத் பீவி அழுதாள். ஆரிபா அழவில்லை. வெகு நேரம் கழித்து அவளே டீ போட்டு எடுத்து வந்து, எனக்குக் கொடுக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். நான் எடுத்துக் குடித்தேன்.

அப்புறம் கிணற்றடியில் உட்கார்ந்து இரண்டு பேரும் பேசினோம். மறுபடியும் வா என்றாள். போவேன்.

நாத்தனாரிடமும் போய், நான் சொன்னது என் பேச்சு, என் தம்பி எதுவும் சொல்லவில்லை என்றேன். அவள் நம்பவில்லை. சிந்தினதை அள்ள முடியவில்லை தம்பி. நூருல்லா என்னிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை.

அக்கா

* * *

திருக்கனூர்
4-1-1975

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம். சுகம். நீ போய் வந்ததற்கு அல்லாஹ் உனக்கு நன்மை செய்வான்.

கிணற்றடியில் அவள் என்ன சொன்னாள்? மருந்து சாப்பிடுகிறாளா? பாண்டிக்குப் போகிறாளா? அவளே உன்னிடம் எல்லாம் சொல்லியிருப்பாள் என்று நினைத்துத்தான் கேட்கிறேன். இது ஊர்ப்பேச்சு இல்லை, வைத்தியம். ராத்தூக்கம் இல்லை அக்கா. ஆமாம் அல்லது இல்லை, ஒரே ஒரு சொல் எழுது. போதும்.

கலீலுல்லா

* * *

பாகூர்
19-1-1975

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஸலாம். மச்சானுக்கு மூட்டுவலி தேவலை. ஸ்டூலில் உட்காருகிறார். பொங்கலுக்குக் கடையில் வெல்லம் நன்றாகப் போனது. நேற்றும் திருக்கனூர் போய் வந்தேன்.

நீ கேட்டதைப் படித்தேன். சொல்ல மாட்டேன்.

அவள் மருந்து சாப்பிட்டாலும் உனக்கு இதைத்தான் எழுதுவேன். சாப்பிடாவிட்டாலும் இதைத்தான் எழுதுவேன். அப்படி ஒரு மருந்து இருக்கிறது என்றே எனக்குத் தெரியாமல் இருந்தாலும் இதையேதான் எழுதுவேன். இந்தக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்து நான் சந்தோஷமாக எழுதியிருக்கிறேனா, வருத்தமாக எழுதியிருக்கிறேனா என்று தேடாதே. அதற்காகவே, நீ ஜல்லி, மாம்பழம் என்று நீட்டினது போல நீட்டாமல், வெல்லத்தைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதினேன். மச்சான் கேட்டார், அவருக்கும் இதுதான் பதில். நூருல்லா கேட்டான், அழுதுகொண்டே கேட்டான். பெற்ற பிள்ளைக்கும் இதுதான். அது அந்தப் பெண்ணின் உடம்பு. யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவள் சொல்லுவாள்.

உனக்குத் தூக்கம் வராதது கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்காதே.

அக்கா

* * *

திருக்கனூர்
2-2-1975

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம். நாங்கள் சுகம்.

நீ வேண்டாம் என்றும் தேடினேன். கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆரிபா உன்னிடம் சொன்னது உன்னிடமே பத்திரமாக இருக்கிறது. என்னிடம் சொன்னதும் இப்படி இருந்திருக்க வேண்டும். அவள் தேறிவிட்டாளா என்று தெரியாமலே மிச்ச நாளைக் கழிக்க வேண்டியிருக்கும் என்றால், அது எனக்கு வேண்டியதுதான்.

நேற்று வில்லியனூரிலிருந்து ஒருவர் வந்தார். இங்கே ஒரு வீட்டுப் பெண்ணைத் தம் மகனுக்குக் கேட்டிருக்கிறார்களாம், பெண்ணின் உடம்பு எப்படி என்று விசாரித்தார். அந்தப் பெண் ஒரு தும்மலுக்குக்கூட என்னிடம் வந்தவள் இல்லை. "நல்லாருக்கா" என்று சொல்லிவிடலாம். அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "நான் யாரைப் பத்தியும் சொல்றதில்லைங்க" என்றேன். அவர் முகம் மாறியது. அந்தப் பெண்ணுக்கு என்னவோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவர் பின்னாலேயே ஓடி, "யார் கேட்டாலும் இதுதாங்க சொல்லுவேன், எல்லாருக்கும் இதுதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நம்பினாரோ என்னவோ. அவ்வளவு கெடுத்து வைத்திருக்கிறேன்.

இதற்கு மேலே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். மை அழுத்தமாக விழவில்லை. "சின்ன விரல்" என்கிற சொல் உள்ளே தெரிந்தாலும் தெரியும். நீ அதற்குப் பதில் எழுத வேண்டாம்.

உன் தம்பி
கலீலுல்லா